ஒன்பதாவது ஆள்

மருத்துவர் சுப்ரியா ஒரு தாளில் வயிற்றின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தபோது, பொற்கொடி தன் தொப்புளுக்குக் கீழே இருந்த குடலிறக்கப் புடைப்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். இரண்டாவது சிசேரியனுக்குப் பிறகு நான்கு ஆண்டுகளாகத் தொந்தரவு தராத புடைப்பு அது. படுத்தால் உள்ளே போய்விடும். போன வியாழக்கிழமை தொழிற்சாலையில், வேலை நடுவே, கல்லாக இறுகி நின்றுவிட்டது. ஓய்வறைத் தரையில் மல்லாந்து கிடந்து, வாந்தியெடுத்து, பிள்ளைகள் இருவரின் பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே உள்ளே போயிற்று. அடுத்த முறை போகாமலும் இருக்கலாம், குடல் மாட்டிக்கொண்டு அழுகவும் கூடும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, அவள் குனிந்து செருப்பு மாட்டவும் அஞ்சினாள்.

"ரெண்டு முறையுமே சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பண்றதுதான்மா. ஓட்டைய அடைக்கற வலைய எங்க வைக்கறோம்கறதுலதான் வித்தியாசம்" என்றார் மருத்துவர்.

முதல் முறையில் வலை வயிற்றுக்குள்ளேயே, குடலைப் பார்த்தபடி இருக்கும். குடல் ஒட்டாமலிருக்க அதன்மேல் ஒரு பூச்சு உண்டு. ஆனாலும் சிலருக்கு ஒட்டலாம். சின்னப் பிடிகளால் அதைப் பொருத்துவதால் வலியும் சற்று அதிகம். ஒன்றரை மணி நேர வேலை. இரண்டாவது முறையில், வலை தசைக்குப் பின்னால், அடுக்குகளுக்கு இடையே போய்விடும், குடலைத் தொடாது. ஆனால் மூன்று மணி நேரம் ஆகும். கைக்குக் கடினமான வேலை.

"அப்ப ரெண்டாவதே நல்லதுதானுங்களே மேடம்" என்றான் அவள் கணவன் மாதவன்.

பொற்கொடி தயங்கினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ரெண்டாவது முறையில இதுவரைக்கும் எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

மருத்துவரின் பேனா நின்றது. "மொதல் முறை முந்நூறுக்கு மேல. ரெண்டாவது எட்டு. அதுல ஒருத்தருக்கு முடியாம, பாதியில மொதல் முறைக்கு மாறிட்டேன்."

"செல்போன் வாங்கறப்பகூட இவ்வளவு கேக்கலையே நீ" என்று மாதவன் சிரிக்கப் பார்த்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் பிரேக் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் பொற்கொடிக்குப் பதினோரு வருடம். புதிய முறை ஒன்று தொடங்கினால், முதல் ஐம்பது உருப்படிகளுக்கு மஞ்சள் அட்டை கட்டித் தனியே வைக்க வேண்டும். எந்த வண்டிக்கும் போகக் கூடாது. முறை தவறென்று எவரும் சொல்வதில்லை. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். கை மட்டும் இன்னும் படியவில்லை, அவ்வளவுதான். அதில் குறை முதல் உருப்படியில் வராது என்பதையும் அவள் அறிவாள். அப்போது எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஏழாவது, ஒன்பதாவது என்று வரும்போதுதான், இனிப் பயமில்லை என்று அனைவரும் நகர்ந்துவிடுவார்கள்.

"அந்த எட்டுப் பேர்ல ஒருத்தரையாவது நான் பாக்கலாமுங்களா?"

"ஏ, என்ன பேசற நீ? பெரியவங்ககிட்ட..." மாதவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மருத்துவர் கோபிக்கவில்லை. பேனாவால் வாசல் பக்கம் காட்டினார். "வெளியில லட்சுமியம்மாள்னு ஒருத்தங்க செக்கப்புக்கு வந்திருக்காங்க. ஆபரேஷன் ஆகி அஞ்சு மாசம் ஆச்சு. அவங்க சம்மதிச்சா பாருங்க. ஆனா எந்த முறைன்னு இன்னிக்கே சொல்லணும்மா. செவ்வாய்க்கெழமை ஆபரேஷனத் தள்ளிப்போட வேண்டாம்."

லட்சுமியம்மாள் பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், ஐம்பதைக் கடந்தவர். பொற்கொடி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தவளாட்டம் கைய கட்டிட்டு நிக்கிறியே! வா, வா."

பரிசோதனை அறையின் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் படுத்துச் சேலையைத் தளர்த்தினார். அரிசி நீளத்தில் நான்கைந்து தழும்புகள். வேறொன்றும் தெரியவில்லை.

"தொட்டுப் பாக்கட்டுங்களாம்மா?"

"தொடு. நான் பூக்கூடையே தூக்கறேன், நீ தொட்டா ஒடஞ்சிருவேனா?"

பொற்கொடி இரண்டு விரல்களை வைத்தாள். மயிரிழைப் பிசிறையும் கண்டுபிடித்துவிடும் விரல்கள் அவை. தோல் வெதுவெதுப்பாக, சமமாக இருந்தது. ஓர் உருப்படி நன்றாயிருப்பதால் அடுத்தது நன்றாயிருக்கும் என்று எந்தச் சோதனையும் சொல்வதில்லை. இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆயினும் கையை எடுக்க மனம் வரவில்லை.

"கொஞ்சம் இருமுங்கம்மா" என்றாள். குறை எங்காவது இருந்தால் இருமும்போதுதான் புடைத்துக்கொண்டு வரும்.

"கை என்னம்மா இப்பிடி ஜில்லுனு இருக்குது" என்று சொல்லிவிட்டு, லட்சுமியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, இருமுவதற்காக நீளமாக மூச்சை இழுத்தார். விரல்களுக்கடியில் அந்த வயிறு மெல்ல மேலெழுந்து, இறுகி, ஒரு கணம் அப்படியே நின்றது. பொற்கொடி தன் மூச்சை விடவில்லை.