ஏமாந்தவர்கள் உட்காரும் ஹால்

ஊர் வழக்கப்படி, ஒருவருடைய தனி ஆல்பத்தைக் கேட்டு ஏமாந்தவர்கள் அவர் வீட்டு ஹாலில் வந்து உட்காரலாம். ஏமாற்றம் தீரும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஜெரோமின் பெரம்பூர் வீட்டு ஹாலில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். எட்டு மாதமாக ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இருபது வருடம் ப்ராக்ரெசிவ் ராக் குழு ஒன்றில் பேஸ் கிதார் வாசித்தவர் ஜெரோம். இருபது நிமிடத்துக்குக் குறைந்த பாட்டை அவர்கள் பாட்டென்றே மதித்ததில்லை. குழு உடைந்ததும் ஆளுக்கொரு தனி ஆல்பம் போட்டார்கள். எல்லாமே சொதப்பல். ஜெரோம் பழக்கதோஷத்தில் மற்றவர்கள் வாசிக்கவேண்டிய இடங்களையெல்லாம் காலியாக விட்டுப் பதிவு செய்திருந்தார். நடுவே பதினோரு நிமிடம் ஒன்றுமே கேட்காது. அதில் என்ன குறை என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், திருப்தியாக எழுந்து போனால் போதும் என்றிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, குழுவில் கீபோர்டு வாசித்த பத்ரி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்பத்து நான்காவது ஆளாக உட்கார்ந்தார்.

"உனக்கு என்னடா குறை?" என்றார் ஜெரோம்.

"நாலாவது நிமிஷம் நான் வரணும். வரலை."

"உனக்காகத்தான்டா இடம் விட்டேன்."

"நானும்தான் என் ஆல்பத்துல உனக்கு விட்டேன். கேட்டியா?"

"கேட்டேன். ஏமாத்தமா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வந்து உக்காரலை? எட்டு மாசமா உனக்குன்னு ஒரு சேர் போட்டு வச்சிருக்கேன்."

ஜெரோம் சட்டையை மாட்டினார். வழக்கம் என்றால் வழக்கம்தான். உடனே ஆட்டோ பிடித்து பத்ரி வீட்டுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்த முப்பது பேரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். "இப்ப சரியா இருக்கு" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

ஜெரோமின் மனைவி ஃபிலோமினா போன் செய்தாள். "இங்கயும் எல்லாரும் கிளம்பிட்டாங்க. பத்ரி அண்ணன் மட்டும் உக்காந்திருக்கார். நீங்க இல்லாம அவருக்குத் தீராதாம்."

ஜெரோமுக்கும் தீரவில்லை. பத்ரி அங்கே இருந்தால் இங்கே எப்படித் தீரும்? தீராமல் எப்படி எழுந்திருப்பது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கொஞ்சம் அழுதார்.

திங்கட்கிழமை காலையும் ஜெரோம் அதே நாற்காலியில்தான் இருந்தார்; பத்ரியின் மகள் பள்ளிச் சீருடையில் வந்து ரேங்க் கார்டை நீட்டினாள். தந்தை என்று போட்டிருந்த இடத்தில் ஜெரோம் கையெழுத்திட்டார். அறிவியலில் ஏன் குறைந்தது என்று கேட்டார்.

"அடுத்த தடவை எடுத்துடறேன்பா" என்றாள் அவள்.