திருத்தப்படாத முதல் பக்கம்

மே மாதம் பதினான்காம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, நகராட்சிப் பள்ளியின் நூலக அறையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு வகுப்பு நிர்ணயத் தேர்வு தொடங்கியது. ஆறு பக்கம், நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம். இருபத்து நான்கு சரியாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு. குறைந்தால் மூன்றாம் வகுப்பு.

சிறுமி அதுவரை எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. ஐந்து வருடமாக அம்மாதான் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பாடம் நடத்தினாள். அவர்களுடைய சபையில் நான்கு குடும்பங்கள் இப்படிப் பிள்ளைகளை வளர்த்தன. வேதமும் கணக்கும் பெற்றவர்கள் வாயிலிருந்தே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இதை ஆரம்பித்து வைத்தவள் சிறுமியின் பெரியம்மா, அப்பாவுடைய அண்ணன் மனைவி.

நவம்பரில் ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் சிறுமி தன் முறை வந்தபோது, "பக்கத்துல உக்காந்து படிக்க எனக்கு ஒரு பொண்ணு வேணும் ஆண்டவரே" என்றாள். மறுநாளும் அதையே கேட்டாள். மூன்று வாரம் விடவில்லை. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அப்பா ஒரு நாள் ஆமென் சொன்ன கையோடு, "ஆண்டவருக்குக் கேட்டுச்சோ என்னவோ, எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பள்ளிக்கூடத்துல போய் விசாரிப்போம்" என்றார்.

பெரியம்மாவுக்குச் செய்தி போனது. அன்றைக்கே நேரில் வந்துவிட்டாள்.

"சொல்லிக்குடுத்து அலுத்துப்போச்சுன்னு நேரா சொல்லேன். பிள்ளையை ஏன் சாக்கு வைக்கிற?"

"அலுப்பெல்லாம் இல்லக்கா. அவளாக் கேக்குறா."

"அவ நாளைக்கு நிலாவைக் கேப்பா. மூணாம் வகுப்புல சின்னப் பிள்ளைங்களோட உக்கார வைக்கப் போறாங்க பாரு. அப்போ தெரியும் உன் வாத்தியார் லட்சணம்."

உலகம், சகவாசம் என்று பெரியம்மா மேலும் நிறையச் சொன்னாள். அம்மாவின் நெஞ்சில் தைத்தது மூன்றாம் வகுப்புதான். அப்படி ஆனால் அது பிள்ளையின் குற்றமாக இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

நூலகக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்பது முப்பத்தெட்டுக்கு எழுந்து எட்டிப் பார்த்தாள். சிறுமி முதல் பக்கத்தை முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. எதிரே கணக்கு டீச்சர் வேறு ஏதோ நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாள். சிறுமி அப்படியே இருந்தாள்.

"என்னங்க, அவ எழுதல."

"யோசிக்கிறா போல. விடு."

"யோசிக்கல. எனக்காகக் காத்திருக்கா."

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மா தணிந்த குரலில் விளக்கினாள். வீட்டில் ஒரு பக்கம் முடிந்ததும் அவள் திருத்தி டிக் போடுவாள். டிக் விழாமல் அடுத்த பக்கத்தைத் தொடக் கூடாது. ஒரு தப்பைச் சுமந்துகொண்டு அடுத்த கணக்குக்குப் போகக் கூடாது என்று அவளே போட்ட சட்டம். ஐந்து வருடத்தில் சிறுமி அதை ஒரு நாளும் மீறியதில்லை.

"அட, இதை அவகிட்ட முன்னாடியே சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

"எல்லா ஊர்லயும் இப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

அவள் கை கண்ணாடியைத் தட்டப் போனது. எதிர் அறையிலிருந்த எழுத்தர் தலையைத் தூக்கினார். "அம்மா, தட்டினீங்கன்னா தேர்வு செல்லாது. அடுத்தது அடுத்த வருஷம்தான்." அப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் நகத்தோரம் கிரீஸ் கறுப்பாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அவள் ஜெபம் செய்ய முயன்றாள். "ஆண்டவரே, பக்கத்தைத் திருப்ப வையும்" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பத்து மணிக்கு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இருவரும் கண்ணாடிக்குப் போனார்கள். சிறுமி தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் மேஜைக்குப் போய் நின்றாள். ஏதோ கேட்டாள். டீச்சர் தலையை ஆட்டி மறுத்தார், இரண்டு வாக்கியம் பேசினார். சிறுமி இடத்துக்குத் திரும்பி, முதல் பக்கத்து வரிகளில் மெதுவாக விரலை ஓட்டினாள். பேனாவைத் திறந்து ஏதோ குறித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

அம்மா சுவரோரம் குந்திவிட்டாள். "இன்னும் அரை மணி இருக்கு" என்றார் அப்பா. "நம்ம வண்டி லேட்டாக் கிளம்புனாலும் ஓடும்."

பத்தரைக்குத் தாள் வாங்கப்பட்டது. கடைசிப் பக்கம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. டீச்சர் அங்கேயே திருத்திவிட்டு வெளியே வந்தார்.

"இருபத்தேழு. அஞ்சாம் வகுப்பு."

அம்மா டீச்சர் கையிலிருந்த தாளையே பார்த்தாள். அப்பாதான், "உங்ககிட்ட வந்து என்ன கேட்டா டீச்சர்?" என்றார்.

"திருத்தித் தாங்கன்னு கேட்டா. எல்லாம் முடிஞ்சாத்தான் திருத்துவோம், அதுவரைக்கும் நீயே சரிபாத்துக்கோன்னேன். 'நானேவா?'ன்னா. இங்க பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் தானே டிக் போட்டிருக்கா. ஒரு கணக்குக்குத் தப்பு போட்டு மறுபடி செஞ்சிருக்கா. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பேப்பரை நான் பாத்ததில்ல. யாரு சொல்லிக்குடுத்தது?"

"நான்தான்" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வாசலைத் தாண்டுவதற்குள் பெரியம்மா போனில் வந்துவிட்டாள்.

"எந்த வகுப்பு?"

"அஞ்சுக்கா."

"காலையிலேருந்து ஜெபத்துலதான் இருந்தேன்."

அப்பா போனை வாங்கிக்கொண்டார். "பாஸாகணும்னா அண்ணி, இல்ல ஃபெயிலாகணும்னா?"

"மொதல்ல ஒண்ணு, பொறவு இன்னொண்ணு. போதுமா? போனைப் பிள்ளைகிட்டக் குடு."

சிறுமி ஜூன் மூன்றாம் தேதி ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். பெரியம்மாவின் மூன்று பிள்ளைகளும் வீட்டிலேயே படிக்கிறார்கள்.