கழற்றிப்போட்ட கார்

அசல் இருக்கைகள் இரண்டும் பொருத்தப்பட்ட நாளிலிருந்து பத்திநாதன் கிளாக்கரின் சிவப்புக் கார் தமிழர்களை ஏற்றுவதில்லை. கதவைத் திறக்கும், உட்காரவும் விடும். பிறகு இருக்கை மெல்ல முன்னால் சாய்ந்து, உட்கார்ந்தவரை ரோட்டில் இறக்கி வைத்துவிடும். முரட்டுத்தனம் ஒன்றும் கிடையாது. இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது 1981இல். முதன்முதலாக இறக்கி வைக்கப்பட்டவர் காரின் சொந்தக்காரரான பத்திநாதனேதான்.

எழுபத்தைந்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குக் கிளம்பிய கடைசி வெள்ளைத்துரை விட்டுப்போன கார் அது. இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். தோட்டத்து ரோட்டில் அதோடு போட்டி போட துரைக்குக் கிடைத்தவை மாடுகள் மட்டும்தான். தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் பத்திநாதன் அதை வாங்கிய காலத்தில் இறக்குமதிக்குத் தடை, வெளிநாட்டிலிருந்து ஓர் ஆணிகூட வராது. கார் ஒவ்வோர் உறுப்பாகக் கெட்டுப்போக, டிரைவர் சிவசாமி கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டினான். சிவசாமிக்கு மெக்கானிக் வேலை தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது. ஸ்டீயரிங் உடைந்ததும் பெக்டரி பொயிலரிலிருந்து ஒரு வால்வுச் சக்கரத்தைக் கொண்டுவந்து பூட்டினான். பழைய தேயிலைக் கொழுந்து லொறியின் நான்கு சக்கரங்களை மாட்டினான். டிரைவர் சீட்டுக்கு ஒரு தேயிலைப் பெட்டி. பின்பக்கத்தை அறுத்து நீட்டி, மாதா கோயிலில் கறையான் அரித்ததென்று ஒதுக்கிய, உட்காரும் நீள வாங்கை வைத்தான். அதற்கு மேலே பெட்டிப் பலகையில் கூரை, உள்ளே ஈயத்தாள் பளபளக்கும். துரை விட்டுப்போனதில் மிஞ்சியது இன்ஜினும் சிவப்புத் தகரமும்தான். ஆனால் அதில் ஒருவர் படுத்துக்கொண்டும் போகலாம்.

படுத்துப் போவதுதான் முக்கியம். கார் வருவதற்கு முந்திய வருஷம் சிவசாமியின் மனைவி நாகலெட்சுமிக்கு இடுப்பு வலி கண்டபோது, கொழுந்து லொறியில் மூட்டைகளுக்கு நடுவே அவளை ஏற்றினார்கள். லொறி முதலில் பெக்டரிக்குப் போய்க் கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. கொழுந்து வாடிப்போனால் யார் பதில் சொல்வது? பிள்ளை வழியிலேயே பிறந்தது, வழியிலேயே போய்விட்டது. கொழுந்து நல்ல விலைக்குப் போனதாகக் கேள்வி. கிளாக்கரின் மனைவி ஜோசப்பின் இதை மறக்கவில்லை. கார் வந்த பிறகு, வலி கண்ட பெண்கள் அதில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதன்பின் எந்தப் பிள்ளையும் ரோட்டில் போகவில்லை.

எழுபத்தெட்டு ஏப்ரலில் பத்திநாதன் இந்தக் காரில் நுவரெலியா சீசனுக்குப் போனார். ஹோட்டல் வாசலில் கொழும்புக் கனவான்கள் அதைச் சுற்றிவந்து, கோழிகளை எங்கே இறக்கப் போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்கள். திரும்பி வந்த அன்றே அவர் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அதற்குள் இறக்குமதி திறந்துவிட்டிருந்தது. லண்டனிலிருந்த மைத்துனர் ஜோர்ஜ் அசல் பாகங்களைத் தேடித் தேடி அனுப்பினார், ஹட்டனிலிருந்து வந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் அவற்றைப் பூட்டினார். ஒவ்வொன்றையும் பூட்டப் பூட்டக் காருக்குப் பழைய நினைவு திரும்பியது. அசல் விளக்குகள் வந்தன, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திரும்பினால் அவை அணைந்துகொண்டன. அசல் சக்கரங்கள் வந்தன, மாலையானதும் கார் தானாகத் துரைமார் கிளப்புக்குப் போய்வரத் தொடங்கியது. கிளாக்கர் வருத்தப்படவில்லை, பெருமைதான் பட்டார். “அசல்னா அசல்தான், தரத்தப் பாத்தியா?” என்று ஜோசப்பினிடம் சொன்னார். துரையாவதற்காகக் காரைத் திருத்தியவர் காருக்கு ஏவல் செய்யும் அப்புவாகிப் போனார். காலையில் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், யாரும் ஏறாததை உறுதிசெய்துகொண்டு மூடுவார்.

நாகலெட்சுமி மறுபடி கர்ப்பமாக இருந்தாள். “அவள எதுலங்க கொண்டுபோறது?” என்று ஜோசப்பின் கேட்டதற்கு, “லொறி இருக்குல்ல” என்றார் கிளாக்கர். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. வருஷம் முழுக்க உழைத்த கருவிகளையும் வண்டிகளையும் பெக்டரி முற்றத்தில் வைத்துச் சந்தனம் பூசி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கி ஓட்டினால்தான் பூசை முடியும். சிவப்புக் காரையும் கொண்டுவரலாமா என்று யாரோ கேட்டபோது கோயில் தலைவர் வீரய்யா சீறினார். “இந்த வருஷம் அது என்னாய்யா வேல செஞ்சுச்சு? வேல செஞ்ச சாமானுக்குத்தான் பொட்டு.” நியாயமாகப் பட்டது. கிளாக்கர் வீட்டுக் கொல்லையில் கிடந்த கழற்றிப்போட்ட சாமான்களை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். பொட்டு வைக்கும்போது கை தடுமாறக் கூடாதென்று சிவசாமி ஒவ்வொன்றையும் பழைய இடத்தில் நிறுத்தினான். முன்னால் பெட்டியும் வால்வுச் சக்கரமும், பின்னால் வாங்கு, நான்கு மூலையிலும் சக்கரம். கூரையை நான்கு பேர் தாங்கிப் பிடித்தார்கள். பழக்கத்தில் எலுமிச்சம்பழமும் வைத்தாகிவிட்டது. நடுவில் கார் இல்லை என்பது பூசை மும்முரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

தீபம் காட்டும்போது நாகலெட்சுமிக்கு வலி கண்டது. கொழுந்து லொறி மூட்டைகளோடு கீழே போயிருந்தது. கிளாக்கரைக் குறை சொல்லக் கூடாது, அவரும் பதறித்தான் ஓடினார். தம் காரின் முன் கைகட்டி நின்று, இங்கிலீஷில் கெஞ்சினார். கார் பொறுமையாகக் கேட்டது. பிறகு ஸ்டார்ட் ஆகி, வலியில் முற்றத்தில் உட்கார்ந்துவிட்ட நாகலெட்சுமியைச் சுற்றிக்கொண்டு கிளப்புக்குப் போய்விட்டது. நேரமாகியிருந்தது.

பக்கத்தில் இருந்தது வாங்குதான் என்பதால் அவளை அதில் படுக்க வைத்தார்கள். ஜோசப்பின் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சிவசாமிக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பெட்டியில் உட்கார்ந்து வால்வுச் சக்கரத்தைப் பிடித்தான். “பிள்ளையாரப்பா, இந்தப் புள்ளையையாச்சும் குடு” என்று அழுதுகொண்டே திருப்பினான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தங்கள் கைகளில் பாரம் இல்லை என்பதைக் கூரை பிடித்தவர்கள் கவனிப்பதற்குள் அது ரோட்டில் ஏறிவிட்டது. இன்ஜின் இல்லை, தளம் இல்லை, சாமான்களுக்கு நடுவே வெறும் காற்று. காற்று ஒன்றும் புதிதல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடமும் மருந்து அறையும் பெரும்பாலும் அதனால்தான் கட்டப்பட்டிருந்தன.

“அம்மா, கீழ ரோடு தெரியுதுங்க.”

“தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. நீ மேல பாரு புள்ள.”

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. மூச்சு முட்ட அழுதது.

ஞாயிறு மத்தியானம் பிள்ளையோடு திரும்பினார்கள். தோட்டத்து எல்லையில் பத்திநாதன் ரோட்டை மறித்து நின்றார். “அதெல்லாம் என் கார்ல கழட்டுன சாமான். எனக்குச் சேரணும்.”

“எடுத்துக்குங்கய்யா” என்றான் சிவசாமி. “எது வேணுமோ எடுங்க.”

கிளாக்கர் சக்கரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வாங்கில் நாகலெட்சுமி இருந்தாள், அவள் மடியில் பிள்ளை தூங்கியது. எதை எடுத்தாலும் பிள்ளை கீழே விழும். உச்சி வெயில் சுட்டது. வீடு வரைக்கும் நல்ல ஏற்றம். ஜோசப்பின் பேசாமல் நகர்ந்து இடம் விட்டாள். அவர் ஏறி உட்கார்ந்து, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கி வைத்துக்கொண்டார்.

பாதி வழியில், கிளப்பில் சாப்பாடு முடிந்து வந்த சிவப்புக் கார் பின்னாலிருந்து வழி கேட்டு ஹோர்ன் அடித்தது. பத்திநாதன் பதறி எழப்போனார். ஜோசப்பின் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. புள்ள முழிச்சிரும்.”

அவர் உட்கார்ந்தார். சிவசாமி ஒதுங்கவில்லை. லயம் வரைக்கும் சிவப்புக் கார் பின்னாலேயே வந்தது.