ஐந்தாம் நாள் பிளேட்

ஆஃப்ரினுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. மூன்றுக்கும் ஊர் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது: பப்பாளி, லாஸ்பேட்டை ரோட்டுப் பள்ளத்தில் குதித்த ஸ்கூட்டி, வேலைக்குப் போகிற திமிர். வாய்க்கு வந்ததைச் சொல்ல யாருக்கும் ரிப்போர்ட் தேவையில்லையே. அவள் வேலை பார்த்த லேபின் ரிப்போர்ட்டோ மூன்று முறையும் ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்றது. அதை டைப் அடித்தவளும் அவள்தான்.

சாம்பிளைத் தடவிக் கிருமி வளர்க்கிற பிளேட்டில் இரண்டு நாளில் எதுவும் முளைக்காவிட்டால் அதைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். ஆனால் கிருமிகளிலேயே படுபொடிசாக ஒரு சாதி உண்டு. மற்றதெல்லாம் வடிகட்டியில் சிக்கிக்கொள்ள, இது மட்டும் நழுவிப் போய்விடும். சாயம் ஏற்றினாலும் கண்ணில் படாது. குதிரை ரத்தத்தின் சீரம் கலந்து ஐந்து நாள் வைத்தால்தான் வளரும், அவ்வளவு நாக்கு ருசி. கரு கலைவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று படித்த நாளிலிருந்து ஆஃப்ரினுக்கு வேறு நினைப்பில்லை. கிருமிதான் என்றால் மாத்திரை உண்டு. மாத்திரை போட்டால் நாலாவது தங்கும்.

லேப் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தன் சாம்பிளைத் தானே போட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க நல்லபடியாக இருக்கிற ஒரு பெண்ணின் சாம்பிளும் வேண்டும். பக்கத்து மேஜை ரூபி கொடுத்தாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

“எனக்கு ஒன்னும் இருக்காதுக்கா, நீ நிம்மதியா பாரு.”

ஐந்து நாளும் ஒவ்வொரு தொழுகையிலும் ஆஃப்ரின் ஒன்றையேதான் கேட்டாள். இருக்கட்டும் அல்லாஹ், எனக்குள் அந்தப் பாழாய்ப்போனது இருக்கட்டும். நோய் வேண்டுமென்று துஆ கேட்ட பைத்தியம் புதுச்சேரியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் நாள் தன் பிளேட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். நடுவில் தடித்து ஓரம் பரந்து, ஆப்பாயில் மாதிரி குட்டிக் குட்டியாய் ஒரு கூட்டம்.

“மாட்டினியா!” என்று வாய்விட்டே சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. புருஷன் ஃபஹீமுக்குச் சொல்லப் போனை எடுத்தவள், முறைக்கு ரூபியின் பிளேட்டையும் பார்த்துவிடலாம் என்று வைத்தாள்.

அங்கேயும் அதேதான். இன்னும் கூடுதலாகவே இருந்தது.

“இன்னாக்கா, என்னோடதா அது? எனக்கு எதனா இருக்கா?” ரூபி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். இன்னொரு கை வயிற்றில் இருந்தது.

இது பிள்ளையைக் கொல்லும் என்றால் ரூபியின் பிள்ளைக்கும் ஆபத்து. கொல்லாது என்றால் ஆஃப்ரினிடம் மிச்சம் ஒன்றுமில்லை. அவள் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்தை ஒரு முறைகூட அவள் எட்டியதில்லை. பொறாமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. படித்தபோது கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு வரியைத்தான் இப்போது எடுத்துச் சொன்னாள்.

“ஒனக்கும் இருக்குடி. நல்லா இருக்கற பொம்பளைங்கள்ல பாதி பேருக்கு இருக்கறதுதான். ஒன்னும் பண்ணாது. டாக்டராண்ட ஒரு வார்த்த சொல்லிடலாம்.”

“ஒன்னோடதுல?”

“அதேதான்.”

ரூபி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். ஒன்றும் பண்ணாததாகவே இருக்கட்டும் அல்லாஹ் என்று ஆஃப்ரின் மனசார வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்த பிறகுதான், தன் மூன்று பிள்ளைகளும் மறுபடி காரணமில்லாமல் போய்விட்டார்கள் என்பது உறைத்தது.