கற்பூரம் அணைக்காத துரை

சிலுவை இல்லாத பாதிரியை நான் எப்படி நம்புவேன்? மற்ற பாதிரிகள் கையில் புத்தகம் இருக்கும், வாயில் பேச்சு இருக்கும். "வேணாம்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மழை பொய்த்த வருஷம் தாமல் பக்கம் கிணறு வெட்ட வந்து, அப்படியே ஐயம்பேட்டையில் வீடு பிடித்துத் தங்கிவிட்ட அமெரிக்கத் துரை ஹார்வியிடம் ஒன்றுமே கிடையாது. குவேக்கர் என்று ஒரு கூட்டமாம். ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்காருவதற்கு ஒருவன் கடல் தாண்டி வருவானா?

துரையின் மனைவிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போன என் மகள் கமலாட்சி, அவர்களோடு உட்காரவும் ஆரம்பித்துவிட்டாள்.

"அங்க என்னாடி பண்றீங்க?"

"சும்மா இருக்கிறோம்மா."

"அதுக்கு நம்ம ஊட்ல எடம் இல்லியா?"

சிரித்தாள். புருஷன் போன பிறகு ஒற்றைத் தறியை வைத்துக்கொண்டு அவளை வளர்த்தவள் நான். வயிறு எரியாதா?

பிள்ளையார்பாளையத்துச் சம்பந்தம் கூடிவந்து தேதியும் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பெண் துரையோடு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாள் என்று மாப்பிள்ளையின் அப்பா திருஞானசம்பந்தத்தின் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். என் காதிலும் ஓதினார்கள், மாப்பிள்ளை ராஜவேலுவுக்குத் தாமலில் ஒரு தொடுப்பு என்று. எங்கள் தெருவில் சந்தேகம் வந்தால் பிள்ளையார் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது. பிள்ளைக்காக அப்பாவும் பெண் விஷயத்துக்குத் துரையும் சத்தியம் செய்து, இரண்டு சந்தேகத்தையும் ஒரே நாளில் தீர்த்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம்.

முதலில் திருஞானசம்பந்தம் ராஜவேலுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. "எம் புள்ளைக்கு அந்த மாதிரி எதுவும் கெடையாது" என்று பட்டென்று கற்பூரத்தை அடித்து அணைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து துரை. புதிதாக ஏற்றிய கற்பூரத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் சத்தியம் செய்வதில்லை, அம்மா. உங்கள் மகளை நான் மதம் மாற்றவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கமே எங்களிடம் கிடையாது."

"கை வெக்க பயமா இருக்குதா?" என்றார் திருஞானசம்பந்தம்.

"சத்தியம் செய்தால், மற்ற நேரத்தில் நான் பொய் சொல்கிறவன் என்று ஆகிவிடும். ராஜாவின் பேரில் சத்தியம் செய்ய மறுத்ததற்காக இங்கிலாந்தில் என் முன்னோர்களைச் சிறையில் போட்டார்கள். அதனால்தான் கப்பலேறி அமெரிக்காவில் போய்க் குடியேறினார்கள்."

ஜெயிலுக்குப் போன வம்சம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்! "பாத்தியாடி!" என்று மகளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் என் கையை விலக்கிவிட்டு ராஜவேலுவின் எதிரில் போய் நின்றாள்.

"நீங்க கற்பூரம் அணைக்க வேணாம். சும்மா சொல்லுங்க. தாமல்ல யாராவது இருக்காங்களா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். திருஞானசம்பந்தம் ஏதோ சொல்ல வந்தார். கையைக் காட்டி நிறுத்தினாள். தெருவே கப்சிப். ஐயம்பேட்டையில் அவள் உட்கார்ந்து பழகியது இதுதான் போலிருக்கிறது. கற்பூரம் தானே எரிந்து தீர்ந்தது. ராஜவேலு அப்பாவின் கரி படிந்த உள்ளங்கையைப் பார்த்தான்.

"இருக்கா. கொழந்த ஒண்ணு இருக்குது. அப்பாவுக்குத் தெரியும்."

அப்பன் மகனை அறைந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். துரையும் போய்விட்டார். அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கேட்டேன். "நெஜமா சொல்லு. அவரு உன்ன மாத்திட்டாரா?"

"இல்லம்மா."

பழக்கதோஷம், அவள் கையைப் பிடித்து என் தலைமேல் வைத்துக்கொள்ளத் தூக்கினேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் பாதியில் விட்டுவிட்டேன்.

"சோறு ஆறுது, வா" என்றேன்.