சுடலை ஒழுங்கைத் தீர்மானம்

ஆஸ்பத்திரி வாசலிலேயே செல்வமலர் சித்தப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து பஸ்ஸில் வந்தவர் குடையைக்கூட இன்னும் மடக்கவில்லை.

"சித்தப்பா, கெஞ்சிக் கேக்கிறன். அப்பா கேட்டால் ஒருக்கா கையைத் தூக்கிவிடுங்கோ. பொய்யெண்டாலும் பரவாயில்லை."

சித்தப்பா பாலேந்திரா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

நேற்றிலிருந்து அப்பா தியாகராஜா லண்டனில் இல்லை. கட்டிலில் கிடந்தபடியே கிராமச் சங்கக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். "தம்பி பாலன் வரேல்லை, வாக்கெடுக்க ஏலாது" என்பதே ஓயாத பேச்சு. ஒரு காலத்தில் அவர் சங்கத்தின் சேர்மன். ஊர்க் கிணறு, சந்தை, ஒழுங்கை விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. விளக்கு அணைந்தாலும் சனம் அவர் வீட்டுப் படலையில்தான் வந்து நிற்கும். எண்பத்தொன்றில் இலங்கை அரசாங்கம் அந்தச் சங்கங்களையே இழுத்து மூடிவிட்டது. அவர்தான் இன்னும் மூடவில்லை.

அண்ணன் தம்பி பிரிந்ததும் அந்தச் சங்கத்தில்தான். சுடுகாட்டுக்குப் போகும் பாதையான சுடலை ஒழுங்கையால் எந்தச் சாதிப் பிரேதமும் போகலாம் என்று தியாகராஜா தீர்மானம் கொண்டுவந்தார். ஒழுங்கை பாலேந்திராவின் வீட்டு வளவோரம் போனது. உறுப்பினராயிருந்த தம்பி, வாக்கெடுக்குமுன்பே கதிரையைத் தள்ளிவிட்டு வெளியேறினார். தீர்மானம் நிறைவேறியது. அன்றோடு பேச்சு நின்றது. பிறகு இருவரும் அகதிகளாய் ஒரே நகரத்துக்கு வந்து, ஒரே கோயிலில் ஆளுக்கொரு மூலையில் நின்று கும்பிட்டார்கள். பிடிவாதத்துக்கு விசா தேவைப்படவில்லை.

வார்டுக்குள் காலடி கேட்டதும் அப்பா கண்ணைத் திறந்தார்.

"பாலன் வந்திட்டானோ? இரடா. வாக்கெடுக்கப் போறம்."

பாலேந்திரா கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"ஆதரவானவை கையைத் தூக்குங்கோ."

செல்வமலர் தூக்கினாள். சித்தப்பாவின் கைகள் மடியில் குடையின்மேல் கிடந்தன. பாவி மனுசன், சாகப்போகிறவருக்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதிரானவை?"

சித்தப்பாவின் கை உயர்ந்தது.

"நான் எதிர்ப்பு, சேர்மன்."

போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரிக்குச் சரி. அப்ப சேர்மன்ர வாக்கு ஆதரவு. தீர்மானம் நிறைவேறுது." மூச்சு வாங்கியது. "நீ எழும்பிப் போகாமல் இருந்து சொன்னாய், பாலன். அதுவே காணும்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பின்னேரம் மூச்சு அடங்கியது.

நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, கொஞ்சநேரம் வெளியே இருக்கும்படி மெதுவாகச் சொன்னாள். பாலேந்திரா அசையவில்லை.

"சித்தப்பா, எழும்புங்கோ."

"கூட்டம் முடிஞ்சுதெண்டு சேர்மன் சொல்லேல்லையே, பிள்ளை."

செல்வமலர் மற்றக் கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.