ராஜாவின் விரல்

விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறான் அந்த ராஜா, தோளில் புரளும் பொய்முடி, இரும்புக் கவசத்துக்கு மேல் பட்டுத்துணி, முந்நூறு வருஷத்துக்கு முன் எவனோ செப்புத் தகட்டில் மயிரிழை மயிரிழையாய்க் கீறி அச்சடித்த முகம், கூடத்துச் சுவரிலிருந்து அந்த விரல் நேரே அடுப்படி வாசலைக் காட்டும், அங்கேதான் அம்மா நிற்பாள், ராஜாவுக்கு முன்னால் பொம்பளைகள் உட்காரக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம், இருபத்தைந்து வருஷம் நின்றுகொண்டே சாப்பிட்டாள் அன்னபாக்கியம், இன்றைக்கு நினைத்தாலும் மகள் கிருபாவதிக்கு ஆறவில்லை. தரங்கம்பாடிய ஆண்ட டென்மார்க் ராஜா இவரு, நம்ம பாட்டனுக்குப் பாட்டன் கையில அவங்களே குடுத்த படம், என்பார் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், அவரை ஆசீர்வாதம் வாத்தியார் என்று யார் கூப்பிட்டார்கள், ஊருக்கே அவர் ராஜா வீட்டு வாத்தியார், அந்தப் பவுசு ஒன்றுதான் அவருக்குச் சோறு. சுனாமி வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வருகிறது என்று யாரோ கத்தினார்கள், எல்லாரும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள், அம்மாவும் ஏறிவிட்டாள், ஐயோ, ஏறி வந்துவிட்டவள்தானே, அடியே படம்டி, ராஜா படம் கீழ கெடக்குடி என்று அப்பா அலறினார், தான் ஒரு படி இறங்கவில்லை, கிருபாவதி முந்தானையைப் பிடித்தாள், விடுடி, தோ வந்துர்றேன் என்று அம்மா உருவிக்கொண்டு போனாள், படத்தைப் பரணில் ஏற்றி வைத்திருந்தாள், அதில் ஒரு சொட்டு ஈரமில்லை, அவளை மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் எடுத்தார்கள்.

அப்பாவும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார், தம்பி தவராஜ் புது வீடு கட்டிவிட்டான், நாளைக்கு வீட்டு ஜெபம், கூடத்தில் மாட்ட ராஜாவைத் தூக்கி வரும்போது கண்ணாடி விரிசல் விட்டது, கிருபாவதி சட்டத்தைப் பிரித்தாள், படத்தின் அடியில் ஒரு துண்டுக் காகிதம், நமது மகாராஜா என்று அப்பாவின் சாய்ந்த கையெழுத்து, மைதாப் பசை காய்ந்து ஒரு முனை தூக்கியிருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது, அது மறைத்திருந்த இடத்தில் அச்சில் வேறு பெயர், இங்கிலீஷ் எழுத்தில், தவராஜ் போனில் படம் பிடித்துத் தேடினான், அவன் முகம் செத்துப்போனது, அக்கா, இது சுவீடன் ராஜாக்கா, டென்மார்க்கோட சண்ட போட்டவன்க்கா. படிக்கத் தெரிந்த மனுஷன், படித்துவிட்டுத்தான் ஒட்டியிருக்கிறார், தெரிந்தேதான் அம்மாவை நிற்க வைத்திருக்கிறார், தெரிந்தேதான் அவளைத் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறார், பாவி மனுஷா, நீ நல்லா இருப்பியா என்று செத்த அப்பாவின் போட்டோவைப் பார்த்துக் கத்தினாள் கிருபாவதி. தவராஜ் கையைப் பிசைந்தான், நாளைக்கு போதகர் வர்றாருக்கா, நாலு பேரு வருவாங்க, அந்தத் துண்ட திரும்ப ஒட்டிடு, யாருக்குத் தெரியப்போவுது. எனக்குத் தெரியுதேடா, நாளைக்கு வர்ற அத்தன பேருக்கும் சொல்லத்தான் போறேன், ஒட்டறேன், எங்க ஒட்டணும்னு எனக்குத் தெரியும் என்றாள், நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கினாள், சீரியல் விளக்கு மினுங்கிய அப்பாவின் போட்டோவுக்கு அடியில் ஒட்டினாள், நமது மகாராஜா, பக்கத்து ஆணியில் ராஜாவை மாட்டினாள், அடியில் அச்சடித்த பெயர் வெளியே தெரிய. நீட்டிய விரல் இப்போது நேரே அப்பாவைக் காட்டியது. கிருபாவதி தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, ராஜாவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள்.